தராசை முதலில் நிறுப்போம்

(டெங்கில் வட்டாரத் தோட்டத் தொழிலாளரும் சிப்பந்திகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளம், வீடு, வைத்தியம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைப் பற்றி நாம் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் அவற்றைப்போல் ஆரவாரமானதன்று. பால் நிறுக்கும் கொட்டகையில் இருக்கும் தராசையும், பாலில் மிதக்கவிடும் மெட்ரோலாக் கருவியையும் பற்றித்தான் பேசப்போகிறோம். ஆயினும், மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் ஏறுகிற எண் பிறக்கும் இடம் அதுதான் என்பதை எண்ணிப் பார்த்தால், இது சிறிய விஷயமாகத் தோன்றாது.

கொட்டகையில் நடப்பது நம் எல்லோருக்கும் தெரியும். விடியுமுன் எழுந்து நிரையில் இறங்கி, மரம் மரமாக வெட்டி, மங்கு மங்காகப் பாலெடுத்து, காண்டாவில் சுமந்து வருகிற வெட்டுக்காரர், எழுதப்பட்ட கிலோவைப் பார்த்து முகம் சுளிக்கிறார். "நேற்றும் இதே பால், இதே வாளி, இன்றைக்கு மட்டும் எப்படிக் குறைந்தது? கிராணி எடையைத் தின்றுவிட்டார்!" என்கிறார். கிராணியோ, "வாளியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்து என்மேல் பழி போடுகிறார்கள்" என்கிறார். இருவரும் ஒருவரையொருவர் முறைத்துப் பார்க்கிறார்கள். நடுவில் நிற்கும் தராசை யாரும் பார்ப்பதில்லை!

தராசும் ஒரு கட்சிக்காரர்தான். அதையும் விசாரிக்க வேண்டும். விசாரிப்பதற்கு முறை உண்டு. அந்த முறையை வெட்டுக்காரரும் கற்கலாம், கிராணியும் கற்கலாம், நிர்வாகமும் கற்கலாம். அதை எடுத்துச் சொல்வதே இந்தப் பேச்சின் நோக்கம்.

எண் பிறக்கும் விதம்

நாம் கொண்டுவரும் பால் முழுவதும் ரப்பர் அன்று. மரத்திலிருந்து இறங்கும் பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 முதல் 40 பங்குதான் உலர்ந்த ரப்பர். மீதி பெரும்பாலும் நீர். மர இனம், மழை, இலையுதிர் காலம், வெட்டும் முறை, பட்டையில் பூசும் மருந்து ஆகியவற்றுக்கேற்ப இந்தப் பங்கு கூடவும் செய்யும், குறையவும் செய்யும். ஆகவே இரண்டு அளவுகள் வேண்டியிருக்கின்றன. பால் எவ்வளவு என்பது ஒன்று. அந்தப் பாலில் ரப்பர் எவ்வளவு என்பது மற்றொன்று. இரண்டையும் பெருக்கி வருவதே உங்கள் பெயருக்கு நேரே எழுதப்படும் உலர்ந்த ரப்பர் கணக்கு.

முதல் அளவைத் தராசு தருகிறது. இரண்டாவது அளவை மெட்ரோலாக் தருகிறது. ரப்பர் நீரைவிட இலேசானது. ஆகையால் ரப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழ்ந்து இறங்கும். ரப்பர் குறைந்த பாலில் உயர்ந்து நிற்கும். எதுவரை இறங்கிற்று என்று கோட்டைப் பார்த்துச் சொல்கிறோம். பால் கெட்டியாக இருந்தால் கருவி தடையின்றி மிதக்காது. அதனால் ஒரு பங்கு பாலோடு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து அளந்து, கண்ட எண்ணை 3ஆல் பெருக்குவது வழக்கம்.

இந்த 3 என்னும் எண்ணைச் சற்றுக் கவனியுங்கள். எண்ணைப் பெருக்கும்போது அதிலுள்ள பிழையும் சேர்ந்து பெருகுகிறது அல்லவா? ஒரு கணக்குக்காகச் சொல்கிறோம்: தண்ணீர் சேர்த்த பாலில் லிட்டருக்கு 110 கிராம் என்று காண வேண்டியதை, மேலே நின்ற நுரையினால் ஒருவர் 105 என்று படித்துவிட்டார். பெருக்கினால் 330க்குப் பதில் 315. லிட்டருக்கு 15 கிராம் போயிற்று. 20 லிட்டர் பால் கொண்டுவந்தவருக்கு அன்றைக்கு 300 கிராம். அதே பிழை 25 நாளும் நடந்தால் மாதத்துக்கு 7½ கிலோ உலர்ந்த ரப்பர்! இதில் திருடர் யாரும் இல்லை. ஒரு கண் கோட்டைச் சரியாகப் பார்க்கவில்லை; அவ்வளவுதான். அந்தக் கண் மறுபக்கம் பிசகியிருந்தால் நட்டம் தோட்டத்துக்கு.

மெட்ரோலாக் குறுக்குவழிக் கருவி என்பதையும் மறந்துவிடலாகாது. அது ரப்பரை நேரே அளப்பதில்லை. பாலின் கனத்தைக் கண்டு ரப்பரை ஊகிக்கிறது. பாலின் சூடு, அதில் கலந்துள்ள மற்றப் பொருள்கள், சேர்த்த தண்ணீரின் அளவு எல்லாம் அந்த ஊகத்தைக் கெடுக்கக்கூடியவை. நம்பத் தகுந்த முறை உலர்த்தும் முறையாகும். கொஞ்சம் பாலை நுட்பமாக நிறுத்து, அமிலம் விட்டு உறையவைத்து, மெல்லிய தகடாக அழுத்திக் கழுவி, 70 டிகிரிச் சூட்டில் ஈரம் முழுதும் போகும்வரை உலர்த்தி, மறுபடியும் நிறுப்பது. செறிவாக்கிய பாலுக்கு உலக நாடுகள் ஒப்புக்கொண்ட ஐ.எஸ்.ஓ. 126 என்னும் விதியும் இந்த முறையையே சொல்கிறது. இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். கொட்டகையில் வரிசையாக நிற்கும் ஒவ்வொருவருக்கும் செய்துகொண்டிருக்க முடியாது. விரைவான வழி வேண்டுமென்று, நமக்கு அருகே செர்டாங்கிலுள்ள பல்கலைக்கழகத்தார் 1980களில் மைக்ரோவேவ் அலைகளைக்கொண்டு பாலிலுள்ள நீரைக் கண்டு ரப்பரை அளக்கும் முறையை ஆராய்ந்தார்கள். எக்கருவி வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உலர்த்திக் கண்ட அளவோடு இது எவ்வளவு ஒத்துப்போகிறது?

பிழைகள் ஒருவகை அல்ல

அளவில் வரும் பிழைகளை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடக் கூடாது. நோய்க்கு நோய் மருந்து வேறு.

முதலாவது, சாய்வு. 20 கிலோ படிக்கல்லை வைத்தால் தராசு எப்போதும் 19½ என்றே காட்டுகிறது. எத்தனை தடவை வைத்தாலும் அதேதான். இது ஒரு பக்கமாகச் சாய்ந்த பிழை. திருத்துவதும் எளிது.

இரண்டாவது, சிதறல். ஒரே வாளியை ஒரே ஆள் பத்துத் தடவை இறக்கி ஏற்றி நிறுக்கிறார். ஒரு தடவை 19.6, ஒரு தடவை 20.3, ஒரு தடவை 19.9. தரை சமமில்லை, வாளி ஆடுகிறது, தராசின் மூட்டில் காய்ந்த பால் ஒட்டியிருக்கிறது, காற்று அடிக்கிறது. காரணத்தைத் தேடி நீக்கினாலொழிய இது போகாது.

மூன்றாவது, ஆளுக்கு ஆள் வரும் வேறுபாடு. ஒருவர் பாலை நன்றாகக் கலக்கிவிட்டு மாதிரி எடுக்கிறார். மற்றொருவர் மேலாக அள்ளுகிறார். ஒருவர் நுரையை வழித்துவிட்டுக் கோட்டைப் பார்க்கிறார். மற்றொருவர் நின்ற நிலையில் மேலிருந்து பார்க்கிறார். பால் ஒன்று, கருவி ஒன்று, எண் இரண்டு!

நான்காவது, நாட்பட நாட்பட வரும் பிசகு. ஜனவரியில் சரியாக இருந்த தராசு ஜூன் மாதத்தில் சரியாக இருக்குமென்று யார் உறுதி கூறமுடியும்?

ஐந்தாவது, பாரத்துக்குப் பாரம் மாறும் பிசகு. 5 கிலோவில் நேர்மையாக இருக்கும் தராசு 40 கிலோவில் தடுமாறலாம். அப்போது அதிகப் பால் கொண்டுவருகிறவருக்கே அதிக நட்டம், அல்லது அதிக இலாபம்.

இவற்றோடு, எழுதும் வழக்கம் என்று ஒன்று உண்டு. தராசு 17.9 காட்டுகிறது, ஏட்டில் 17½ என்று எழுதப்படுகிறது. எப்போதும் கீழ் அரைக் கிலோவுக்கே இறக்கி எழுதினால், ஒரு நிறுவைக்குச் சராசரியாகக் கால் கிலோ பால் விழுந்துபோகும். நாளைக்கு இரண்டு நிறுவை, மாதத்தில் 25 நாள் என்றால் 12½ கிலோ பால். உலர்ந்த ரப்பராக ஏறத்தாழ 4 கிலோ. கிட்டிய அரைக் கிலோவுக்கு எழுதினால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும்; மாதக் கடைசியில் ஏறக்குறையச் சரியாகும்.

இந்த இடத்தில்தான் நாம் மனத்தில் பதிக்க வேண்டிய உண்மை இருக்கிறது. சிதறல் மாதக் கணக்கில் பெரும்பாலும் கரைந்துபோகும். சாய்வு கரையாது, நாளுக்கு நாள் சேரும். இன்றைக்கு அரைக் கிலோ குறைந்தது என்று கூச்சலிடுகிறோம். அது சிதறலாக இருந்தால் நாளைக்கே ஈடாகிவிடும். நாள்தோறும் நூறு கிராம் ஒரே பக்கமாகக் குறைகிறதே, அது யார் கண்ணிலும் படுவதில்லை. சண்டை போட வேண்டிய இடத்தில் மௌனமாக இருந்துவிட்டு, வேண்டாத இடத்தில் சண்டை போடுகிறோம்.

தராசை விசாரிக்கும் முறை

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. தொழிற்சாலைகளில் இதை அளவைமுறை ஆய்வு என்கிறார்கள். அமெரிக்க மோட்டார் வண்டித் தொழில்துறையினர் 1990இல் இதற்கென்று ஒரு கைநூலே வெளியிட்டார்கள். அதன் சாரத்தை நம் கொட்டகைக்கு ஏற்றபடி சொல்கிறோம்.

பத்து வாளிப் பாலை எடுத்துக்கொள்ளுங்கள். அளக்கும் பழக்கமுள்ள மூவரை நிறுத்துங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாளியையும் இரண்டு தடவை அளக்க வேண்டும். வாளிகளின் வரிசையை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். முன் கண்ட எண்ணையோ, மற்றவர் கண்ட எண்ணையோ அளப்பவர் பார்க்கக் கூடாது. நான்காவது ஆள் ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். பத்து, மூன்று, இரண்டு: மொத்தம் 60 எண்கள். பால் சில மணி நேரத்தில் உறையத் தொடங்கிவிடும்; ஆகவே விரைவாக முடிக்க வேண்டும், அல்லது எல்லா வாளிக்கும் ஒரே அளவாக அமோனியா சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த 60 எண்களில் மூன்று விவரங்கள் அடங்கியிருக்கின்றன. ஒரே ஆள் ஒரே வாளியில் கண்ட இரண்டு எண்களின் வேறுபாடு, கருவியின் சிதறல். மூவரின் சராசரிகளில் உள்ள வேறுபாடு, ஆளுக்கு ஆள் வரும் பிசகு. வாளிக்கு வாளி உள்ள வேறுபாடு, மெய்யாகவே பாலில் உள்ள வேறுபாடு. முதல் இரண்டும் சேர்ந்த பரவல், மொத்தப் பரவலில் நூற்றுக்கு 10க்குள் இருந்தால் அந்த அளவையை நம்பலாம் என்றும், 30க்கு மேற்பட்டால் அது உதவாது என்றும் தொழிற்சாலைகளில் கொள்வது வழக்கம். இடையில் இருந்தால் வேலையின் முக்கியத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பத்து வாளிகளில் ரப்பர் பங்கு 30 முதல் 38 வரை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாளியை மூவர் அளந்து 33, 34, 36 என்று சொன்னால், 34 வந்தவருக்கும் 36 வந்தவருக்கும் உள்ள வித்தியாசம் பாலில் உள்ளதா, கண்ணில் உள்ளதா? சொல்ல முடியாது. சொல்ல முடியாத வித்தியாசத்தைக்கொண்டு ஒருவரை "தண்ணீர் ஊற்றினார்" என்று குற்றஞ்சாட்டலாமா? கூடாது. ஆனால் அளவை சரியென்று சோதனையில் தெரிந்தபின் ஒருவருடைய பால் மட்டும் நாள்தோறும் 25இல் நின்றால், கேட்பதற்கு நிர்வாகத்துக்கு நியாயம் உண்டு. சோதனை இரு பக்கத்துக்கும் பொது.

இன்னொன்று: இந்த 60 எண்களும் சாய்வைக் காட்டிக்கொடுக்கமாட்டா. மூவரும் ஒன்றுபோல் தவறாகச் சொன்னால் ஒற்றுமை இருக்கும்; உண்மை இருக்காது. சாய்வைக் காண வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். தராசுக்குச் சாட்சி முத்திரையிட்ட படிக்கல். மெட்ரோலாக்குக்குச் சாட்சி உலர்த்தி நிறுத்த தகடு. சிறிய பாரம், நடுப்பாரம், பெரிய பாரம் மூன்றிலும் படிக்கல்லை வைத்துப் பார்த்தால் பாரத்துக்குப் பாரம் மாறும் பிசகும் தெரிந்துவிடும். எண் காட்டும் மின்தராசு வந்துவிட்டதே, இனி எதற்கு இதெல்லாம் என்று எண்ணவேண்டாம். புள்ளிக்குப் பின் இரண்டு எண் காட்டுகிற தராசும் சாய்ந்து காட்டக்கூடும். பளிச்சென்று எரிகிற எண் பொய் சொல்லாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

நாட்பட வரும் பிசகுக்கும் வழி உண்டு. அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த ஷூஹார்ட் என்னும் அறிஞர் 1924இல் ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். தினமும் கிடைக்கும் அளவைப் புள்ளியாக வைத்துக்கொண்டே போக வேண்டும். புள்ளிகள் மேலும் கீழுமாக எல்லைக்குள் நின்றால் வேலை நிதானத்தில் இருக்கிறது. எல்லையைத் தாண்டினாலோ, தொடர்ந்து ஒரே பக்கமாக நகர்ந்தாலோ ஏதோ மாறிவிட்டது. நம் கொட்டகைச் சுவரிலும் அப்படி ஒரு காகிதம் ஒட்டலாம். காலையில் படிக்கல்லை வைத்து, கண்ட எண்ணைப் புள்ளியாக வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

டெங்கிலுக்கு இதில் என்ன?

டெங்கிலில் இருப்பவர்களுக்கு இது சொந்தக் கதை. பக்கத்தில் இருந்த பிராங் பெசார் தோட்டத்தை நீங்கள் அறிவீர்கள். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் 1921இல் தொடங்கிய தோட்டம். 'பெரும்போர்' என்பதே அப்பெயரின் பொருள். 1990களில் அந்த நிலம் புத்ராஜெயாவாக மாறியது. அங்கும் அண்டைத் தோட்டங்களிலும் பால் வெட்டிய குடும்பங்கள் டெங்கிலில் குடியேறின. அந்தத் தோட்டத்தின் பெயர் இன்னும் உலகத்தின் ரப்பர்க் காடுகளில் வாழ்கிறது. பி.பி. 86, பி.பி. 260 என்று மர இனங்களுக்கு வழங்கும் பெயரில் உள்ள 'பி.பி.' என்ன? பிராங் பெசார்தான்!

நல்ல மரம் எது என்று எப்படிக் கண்டார்கள்? ஒவ்வொரு மரத்தின் பாலையும் தனித்தனியே அளந்து, ஆண்டுக்கணக்கில் எழுதி, ஒப்பிட்டுத்தான். மங்கில் நின்ற பாலை வெட்டுக்காரர் ஒழுங்காகச் சேர்த்தார். ஏட்டில் ஒழுங்காக எழுதினார் ஒரு சிப்பந்தி. அந்த அளவு பொய்யாயிருந்தால் மட்டமான மரம் உயர்ந்த மரமென்று பெயர் வாங்கி, ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஏறியிருக்கும். அந்த இனங்களின் புகழுக்கு அடியில் நம் மக்களின் நேர்மையான அளவை இருக்கிறது.

இன்றும் புதுப் புது முறைகள் வருகின்றன. ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டியதை மூன்று நாளைக்கு ஒரு தடவையாக மாற்றலாம் என்கிறார்கள். பட்டையில் எதிபோன் மருந்து பூசினால் பால் கூடும் என்கிறார்கள். சோதித்துப் பார்த்து, "நூற்றுக்கு 4 கூடிற்று" என்று ஒரு கணக்கும் வரும். அப்போது நாம் கேட்க வேண்டியது, "உங்கள் அளவை எவ்வளவு தள்ளாடுகிறது?" என்பது. சில நாள் மட்டும் நடந்த சோதனையில் அளவையே நூற்றுக்கு 5 தள்ளாடுமானால், அந்த 4 என்பது காற்றில் எழுதிய எழுத்து. அதை நம்பி வெட்டும் நாளைக் குறைத்தால் அடி விழுவது நம் வயிற்றில். நம்பாமல் விட்டு, முறை உண்மையில் நல்லதாக இருந்தால், இழந்தது நம் எல்லோருடைய நன்மை. அளவை சரியாக இல்லாதவரை, நல்ல மாற்றத்தையும் கெட்ட மாற்றத்தையும் பிரித்தறிய வழியே இல்லை.

இந்த வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கும் நகரத்துக்கும் இடம் விட்டுவிட்டன. செம்பனைக்குப் போனவர்களுக்கும் இதே கதைதான். பழக்குலை பழுத்ததா, காயா என்று ஆலை வாசலில் ஒருவர் கண்ணால் பார்த்துப் பிரிக்கிறார். குறைந்தது 10 பழமாவது உதிர்ந்த தடம் இருந்தால் பழுத்த குலை என்று மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் விதி சொல்கிறது. எண்ணிப் பார்க்கிறாரா, மதிப்பாகச் சொல்கிறாரா? ஒரே குலைகளை இருவரிடம் தனித்தனியே காட்டி, எத்தனை குலையில் இருவரும் ஒத்துச் சொல்கிறார்கள் என்று எண்ணுங்கள். அதுவே கண்ணுக்கு வைக்கும் சோதனை. கட்டிப்பால் விற்கும் சிறுதோட்டக்காரர்களும், கடைக்காரர் கையால் அமுக்கிப் பார்த்து ஈரத்தைக் கழிக்கும்போது இதையே கேட்கலாம்.

சங்கிலியின் நுனி

படிக்கல் சரியென்று யார் சொல்வது என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் ராத்தல், காட்டி, பிக்குல் போய்க் கிலோ வருவதற்கு வழி செய்தது. வணிகத் தராசுகள் சோதித்து முத்திரையிடப்பட வேண்டும் என்றும் விதித்தது. அந்தச் சோதனைக் கற்களைச் சோதிக்க அவற்றினும் நுட்பமான கற்கள் உண்டு. இப்படிக் கண்ணி கண்ணியாக ஏறிச் சென்றால் நாட்டின் மூல அளவுகளைக் காக்கும் தேசிய அளவை நிலையத்தில் போய் நிற்கும். அது எங்கே இருக்கிறது தெரியுமா? இதே சிப்பாங் மாவட்டத்தில், பண்டார் பாரு சாலாக் திங்கியில்! அங்கிருந்து சங்கிலி உலகத்துக்குப் போகிறது. பாரிசுக்கு அருகே பூட்டி வைத்திருந்த ஒரு உலோகக் கட்டியே நெடுங்காலம் உலகத்தின் கிலோவாக இருந்தது. அதுவும் மாறக்கூடும் என்று கண்டு, 2019 மே 20 முதல் இயற்கையின் மாறாத எண் ஒன்றைக்கொண்டு கிலோவை வரையறுத்துவிட்டார்கள். உலகத்தின் மூலக் கிலோவையே சந்தேகித்துச் சோதித்த காலத்தில், கொட்டகைத் தராசைச் சோதிக்கக் கேட்பது அவமரியாதை ஆகுமா?

வள்ளுவர் சான்றோருக்குத் தராசுக் கோலை உவமை சொன்னார். முதலில் தான் சமமாக நின்று, பிறகு பாரத்தைத் தூக்குவது அதன் குணம். நாம் கேட்பதும் அந்த வரிசையைத்தான்.

ஆகவே ஒவ்வொரு கொட்டகையிலும் இவற்றைக் கேட்போம். முத்திரையிட்ட படிக்கல் ஒன்று இருக்கட்டும். காலையில் ஒரு வெட்டுக்காரரும் கிராணியும் சேர்ந்து அதை நிறுத்து, சுவரில் உள்ள காகிதத்தில் புள்ளி வைக்கட்டும். நாளைக்கு ஒரு வாளி, எண்ணை மறைத்து, வேறொருவரால் மறுபடி நிறுக்கப்படட்டும். மாதத்துக்கு ஒரு தடவையாவது நன்றாகக் கலக்கிய ஒரே வாளிப் பாலை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை மெட்ரோலாக்கிலும் மறு பங்கை உலர்த்தியும் பார்த்து, இரண்டு எண்ணையும் எல்லோரும் காணும்படி ஒட்டட்டும். எடையைக் கிட்டிய அளவுக்கு எழுதட்டும். கீழே இறக்கி எழுதும் வழக்கம் ஒழியட்டும்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சோதனை உங்கள்மேல் அவநம்பிக்கை என்று எண்ணாதீர்கள். அளவை சரியென்று சுவரில் உள்ள காகிதமே சாட்சி சொல்லும்போது, உங்கள் பெயருக்கு வேறு காவல் வேண்டியதில்லை. வெட்டுக்காரத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. தராசு நம் பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்தாலும் அதையும் எடுத்துச் சொல்லுங்கள். நமக்கு நட்டமான பிழையை மட்டும் திருத்தச் சொன்னால் நம் பேச்சு கொட்டகை வாசலைத் தாண்டாது.

குறைந்தபட்சச் சம்பளத்தைச் சட்டம் நிர்ணயித்திருக்கிறது; 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட். அதற்குமேல் நம் கைத்திறனால் சேர்ப்பது எவ்வளவு என்பதைத் தராசுதான் சொல்கிறது. நாளைக் காலையில் வரிசையில் நிற்கும்போது, வாளியை ஏற்றுமுன் வெறுந்தராசைப் பாருங்கள். முள் பூஜ்யத்தில் நிற்கிறதா? நிற்காவிட்டால் அமைதியாகக் கிராணியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வேலையை அங்கிருந்து தொடங்குவோம்.